பதினேழு வயதுக் கையில் கொடுவாள்: பெரியவனா சிறுவனா என்று முடிவு செய்வது யார்?

ஓசூர்ப் பேருந்து நிலையத்திலோ பாலக்கோட்டுக் கடைத்தெருவிலோ பதினேழு வயதுப் பையன் ஒருவன் இன்னொருவனை வெட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலையே ஊரில் இரண்டு பேச்சு கிளம்பும். “மைனர் பையன், ஒண்ணும் ஆகாது, விட்டுடுவாங்க” என்பது ஒன்று. “இதே வெளிநாடா இருந்தா தூக்குதான்” என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. குற்றம் செய்தபோது 18 நிரம்பாதவருக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நம் நாட்டிலோ, கொலை வழக்கில் சிக்கிய 16 வயதுக்காரனைப் பெரியவர்களுக்கான விசாரணைக்கு அனுப்பி, ஆயுள் தண்டனை வரை கொண்டுபோகச் சட்டத்தில் வழி இருக்கிறது. விடுதலைக்கே வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையும் தூக்கும் மட்டும்தான் கூடாது.

நாடுகளின் சிறார் நீதிமுறைகளை ஒப்பிடுகிறவர்கள் தண்டனை ஆண்டுகளை அடுக்கிக் காட்டுவார்கள். ஆண்டுகளைவிட முக்கியமான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பையனைப் பெரியவனாக நடத்தலாம் என்று யார் சொல்கிறார், எந்தக் கட்டத்தில் சொல்கிறார், எந்த அறிக்கையைப் படித்துவிட்டுச் சொல்கிறார்? சில நாடுகளில் அரசு வழக்கறிஞர். சில நாடுகளில் சட்டமே முன்கூட்டித் தீர்மானித்துவிடும். சில நாடுகளில் நீதிபதி. இந்தியாவில் மூன்று பேர் கொண்ட ஒரு குழுமம். ஒரு பையனின் அடுத்த இருபது ஆண்டுகள் இந்த ஒரு முடிவில் தொங்குகின்றன. அதனால் அதிலிருந்தே தொடங்குவோம், நம் ஊரிலிருந்து.

முதல் 24 மணி நேரம்

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015, பையன் பிடிபட்டதும் என்ன நடக்க வேண்டும் என்பதை மணிக்கணக்கில் சொல்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும்; பையன் அவர் பொறுப்பில் இருப்பான். லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. பெற்றோருக்கும், பையனின் பின்னணியை விசாரித்து அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலருக்கும் உடனே தகவல் போக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவனை நிறுத்த வேண்டும். ஒரு குற்றவியல் நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்ததுதான் குழுமம். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழுமம் கூடாத நாளில் உறுப்பினர் ஒருவர் முன்பு நிறுத்தினாலே போதும். ஆகவே ‘இன்றைக்கு அமர்வு இல்லை’ என்று சொல்லி நிலையத்திலேயே இரண்டு இரவு உட்கார வைப்பதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

அடுத்தது வயது. ஊரில் எல்லோரும் முதலில் எடுத்துக்கொண்டு ஓடுவது ஆதார் அட்டையை. அது வயதுக்கான சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. சட்டத்தின் 94-ஆவது பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாதபோதுதான் ஊராட்சியோ நகராட்சியோ தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சிச் சோதனை, அதையும் உத்தரவு வந்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக ஒரு வயதைக் கூட்டிச் சொல்லிப் பதிந்த பிள்ளைகள் நம் கிராமங்களில் உண்டு. அப்படிப்பட்டவனின் பள்ளிச் சான்று 18 என்று காட்டும், பிறப்புச் சான்று 17 என்று காட்டும். வரிசையில் முந்தியிருப்பது பள்ளிச் சான்று என்பதால், அதிலுள்ள தேதி எப்படி வந்தது என்பதைக் குடும்பம்தான் முதல் அமர்விலேயே ஆவணத்தோடு எழுப்ப வேண்டும். பிடிபட்ட நாளின் வயது கணக்கில் வராது, சம்பவ நாளின் வயதே வரும். காவல் நிலையத்தில் 19 என்று எழுதப்பட்டு ஒருவன் கிளைச் சிறைக்கே போய்விட்டாலும் கதை முடிந்துவிடவில்லை; சம்பவத்தின்போது 18 நிரம்பவில்லை என்ற கோரிக்கையை வழக்கின் எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு இறுதியான பின்பும்கூட எழுப்பலாம்.

பிணை பற்றியும் தவறான எண்ணம் பரவிக் கிடக்கிறது. பெரியவர்களுக்குப் பிணை கிடைக்காத குற்றமாக இருந்தாலும் சிறாருக்குப் பிணைதான் விதி. வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று காரணம் காட்டி எழுதினால் மட்டுமே மறுக்கலாம். சிக்கல் நடைமுறையில் வருகிறது. நம் பக்கத்துப் பையன்களைப் பெரும்பாலும் விசாரணை முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் சேலத்துக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். ஓசூரிலிருந்து அது சுமார் 160 கிலோமீட்டர். அப்பா அம்மா பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்க, பையன் பாட்டியிடம் வளர்கிற வீடுகள் தருமபுரி மாவட்டத்தில் ஏராளம். பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஆள் வராததாலேயே பையன் உள்ளே கிடப்பான். இதற்கும் சட்டத்தில் மருந்து இருக்கிறது: பிணை உத்தரவு வந்து ஏழு நாளுக்குள் நிபந்தனையை நிறைவேற்ற முடியாவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காக அவனை மறுபடியும் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரிடம் இந்த ஏழு நாள் கணக்கைக் கேட்பது குடும்பத்தின் உரிமை.

கொடிய குற்றம் எது?

சட்டம் சிறார் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சம் மூன்றாண்டுத் தண்டனை உள்ளது சிறு குற்றம். மூன்றுக்கு மேல் ஏழு வரை கடுமையான குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் என்றால் அது கொடிய குற்றம். 16 நிரம்பிய பையன் கொடிய குற்றம் செய்ததாகக் குற்றச்சாட்டு இருந்தால்தான் அவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்ற கேள்வியே எழும். மற்ற எல்லாவற்றுக்கும் குழுமமே முடிவு சொல்லும்: அறிவுரை, குழு ஆலோசனை, சமூகப் பணி, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறப்பு இல்லம்.

இந்த மூன்று வகைப் பிரிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதிகபட்சம் ஏழுக்கு மேல், ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் சொல்லப்படாத குற்றங்கள் எந்தப் பெட்டியில் விழும்? அவை கடுமையான குற்றங்களே, கொடியவை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

இதன் விளைவை நம் ஊர் எடுத்துக்காட்டில் பொருத்திப் பாருங்கள். வெட்டுப்பட்டவன் இறந்துவிட்டால் அது கொலை. குறைந்தபட்சத் தண்டனையே ஆயுள், ஆகவே கொடிய குற்றம். மருத்துவர்கள் அவனைப் பிழைக்க வைத்துவிட்டால் அது கொலை முயற்சி. ஆயுள் வரை போகலாம், ஆனால் குறைந்தபட்சம் கிடையாது, ஆகவே கொடிய குற்றம் அல்ல. கை துண்டானாலும், வெட்டியவன் என்ன திட்டத்தோடு வந்திருந்தாலும், மூன்றாண்டுக்கு மேல் அவனை வைத்திருக்க முடியாது. அடிபட்டவன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவனாக இருந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)-ஆவது பிரிவில் ஆயுளைக் கட்டாயமாக்கும் கூறு சேர்ந்தால் கணக்கு மாறும். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பதை இரண்டு குடும்பங்களும் கவனித்துப் படிக்க வேண்டியது இதனால்தான்.

இன்னொரு பக்கம், 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் விரும்பி ஓசூர் வழியாகப் பெங்களூருவுக்குப் பேருந்து ஏறுகிறார்கள். பெண் வீட்டார் புகார் கொடுக்கிறார்கள். உடலுறவு நடந்திருந்தால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 4-ஆவது பிரிவு. குறைந்தபட்சம் பத்தாண்டு, பெண் 16-க்குக் கீழ் என்றால் இருபதாண்டு. ஆகவே இது கொடிய குற்றம். கொடுவாள் எடுத்தவன் குழுமத்தோடு நின்றுகொள்ள, காதலித்தவன் பெரியவர்களுக்கான விசாரணையின் வாசலில் நிற்கிறான். குழந்தைத் திருமணமும் அதையொட்டிய போக்சோ வழக்குகளும் மலிந்த கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களில் இது ஏட்டுச் சிக்கல் அல்ல. வயது நெருக்கமான இளையோர் உறவுக்கு அமெரிக்காவின் பல மாநிலங்கள் விலக்கு வைத்திருக்கின்றன. இங்கே இல்லை. வன்முறையை அளக்க வேண்டிய அளவுகோல் குறைந்தபட்சத் தண்டனை என்ற ஒற்றை எண்ணில் மாட்டிக்கொண்டிருப்பது சட்டத்தின் கோளாறு என்பதே எங்கள் கருத்து.

முன்மதிப்பீடு: எல்லாம் ஓர் அறிக்கையில்

கொடிய குற்றம், வயதும் 16 நிரம்பிவிட்டது என்றால், குழுமம் 15-ஆவது பிரிவின்படி முன்மதிப்பீடு செய்ய வேண்டும். குற்றம் செய்தானா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. அதைச் செய்யும் மனத்திறனும் உடல்திறனும் இருந்தனவா, விளைவைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருந்தானா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பவைதாம் கேள்விகள். முதலில் நிறுத்திய நாளிலிருந்து மூன்று மாதம் கெடு. கெடு தாண்டிவிட்டாலே எல்லாம் செல்லாமல் போய்விடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கொன்றில் விளக்கியது. ஆனால் முன்மதிப்பீட்டையே செய்யாமல் விட்டால்? தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு கொலை வழக்கில் அப்படித்தான் நடந்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையையே ரத்து செய்தது. குழந்தையை இழந்த குடும்பத்துக்கும் அதில் நீதி கிடைக்கவில்லை. நடைமுறையைத் தாண்டிக் குதித்தால் இரண்டு தரப்புக்கும் இழப்பு.

குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லையென்றால் உளவியலாளர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022 ஜூலையில் வந்த தீர்ப்பு சொல்கிறது. பக்கத்தில் ஆள் கிடைக்காத மாவட்டங்களில் இதுவே தாமதத்துக்குக் காரணமாகும். அரை மணி நேரப் பேச்சில் ஒருவனின் மனத்தை எழுதிவிடவும் முடியாது.

அதைவிடக் கனமானது நன்னடத்தை அலுவலர் 15 நாளுக்குள் தர வேண்டிய சமூக விசாரணை அறிக்கை. ‘ஏழ்மை, கூடாத சேர்க்கை’ என்று இரண்டு வரியில் முடியும் அறிக்கையால் யாருக்கும் பயனில்லை. பையன் எந்த வகுப்பில் பள்ளியை விட்டான், ஏன் விட்டான், மாங்கூழ் ஆலையிலோ கிரானைட் பட்டறையிலோ வேலைக்குப் போனானா, வீட்டில் யார் இருக்கிறார்கள், கஞ்சா உண்டா, முன்பு அடிவாங்கியவனா, சாதி சொல்லி அவமானப்படுத்தப்பட்டவனா, ஆயுதம் யார் பணத்தில் வந்தது, சம்பவத்துக்கு முந்தின வாரம் கைப்பேசியில் என்ன பேச்சு நடந்தது. இவ்வளவும் வீட்டுக்கும் பள்ளிக்கும் நேரில் போனால்தான் கிடைக்கும். பென்னாகரம், அஞ்செட்டி மலைக் கிராமங்களுக்கு ஒரே அலுவலர் பேருந்தில் போய்வந்து எழுத வேண்டுமென்றால் அறிக்கை எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

முன்மதிப்பீட்டு உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். குழுமம் அனுப்பிவைத்தாலும், அந்த வழக்கை விசாரிக்கும் குழந்தைகள் நீதிமன்றம் தானும் ஒருமுறை யோசித்து முடிவு செய்ய வேண்டும். தண்டனை விதித்தாலும் 21 வயது வரை பாதுகாப்பிடத்தில்தான் இருப்பான், சிறையில் அல்ல. 21-இல் அவன் திருந்தினானா என்று மறுபடி மதிப்பிட்ட பிறகே சிறையா விடுதலையா என்பது.

கடல் தாண்டி

உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899-இல் சிகாகோவில் தொடங்கியது. நீதிபதி தகப்பனைப்போல நடந்துகொள்வார், வழக்கறிஞர் எதற்கு என்பதே அதன் எண்ணம். அந்த நல்லெண்ணம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1967-ஆம் ஆண்டு வழக்கொன்று காட்டியது. அரிசோனாவில் ஆபாசமாகத் தொலைபேசியில் பேசியதாகக் குற்றம் சாட்டப்பட்ட 15 வயதுச் சிறுவனை 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் அடைக்க உத்தரவிட்டார்கள். அதே குற்றத்துக்குப் பெரியவருக்கு அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை சிறாருக்கும் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்போதுதான் நிலைநாட்டியது.

அமெரிக்காவில் ஒரே முறை என்று எதுவும் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 17 வயதானாலே குற்ற வழக்கில் பெரியவர்தான், கேள்வியே கிடையாது. ஃபுளோரிடாவில் 16, 17 வயதினர் மீதான பல வழக்குகளை அரசு வழக்கறிஞர் தாமாகவே பெரியவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிடலாம். எந்த நீதிபதியும் முன்மதிப்பீடு செய்யத் தேவையில்லை. சில மாநிலங்களில் கொலை என்றாலே சட்டம் நேராக அங்கே அனுப்பிவிடும். உச்ச நீதிமன்றம் 2010-இலும் 2012-இலும் விடுதலையற்ற ஆயுள் தண்டனைக்குக் கடிவாளம் போட்டது; முழுவதுமாகத் தடுக்கவில்லை. நம் குழுமத்தில் ஆயிரம் குறை இருக்கலாம். ஆனாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் இந்த முடிவைக் கொடுக்காமல் வைத்திருப்பது காப்பாற்ற வேண்டிய ஏற்பாடு.

இங்கிலாந்தில் பத்து வயதிலேயே குற்றப் பொறுப்பு தொடங்குகிறது. சாதாரண வழக்குகள் பொதுமக்கள் நுழைய முடியாத இளையோர் நீதிமன்றத்தில் நடக்கும். கொலை என்றால் ஜூரி அமர்ந்திருக்கும் கிரவுன் நீதிமன்றம். இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்ற பத்து வயதுச் சிறுவர் இருவரை 1993-இல் அப்படித்தான் நிறுத்தினார்கள். அந்த விசாரணையில் அவர்களால் பங்கெடுக்கவே முடியவில்லை, அது நியாயமான விசாரணை அல்ல என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999-இல் சொன்னது. 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கில், 18 நிரம்பச் சில நாள்களே இருந்த குற்றவாளிக்குக் குறைந்தது 52 ஆண்டு என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. வாழ்நாள் முழுவதும் வெளிவராத தண்டனையை அந்த வயதுக்கு விதிக்க முடியாது என்பதால்தான் அந்த எண்.

அதே தீவின் வடக்கே ஸ்காட்லாந்து வேறு பாதையில் போனது. 1971 முதல் பெரும்பாலான சிறார் வழக்குகள் மூன்று தன்னார்வலர்கள் அமரும் குழந்தைகள் விசாரணைக்கு வருகின்றன. பையன் மறுத்தால் உண்மையை நீதிமன்றம் பார்க்கும். அடுத்து என்ன செய்வது என்பதை அந்த மூவர் சொல்வார்கள். குழந்தைக்கு என்ன தேவை என்பதே அங்கே கேள்வி. கொலை போன்றவை இன்னும் நீதிமன்றத்துக்கே போகும். 2024 ஆகஸ்டிலிருந்து 18-க்குக் கீழ் உள்ளவர்களை இளையோர் சிறைக்கு அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்கள். கத்திக்குத்துக்குப் பெயர்போன கிளாஸ்கோவில் 2005-இல் காவல்துறையே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, மருத்துவமனை, பள்ளி, வேலைவாய்ப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்தது. நம் மாவட்டங்கள் பார்த்துக் கற்க வேண்டியது அதைத்தான்.

ஜெர்மனியில் 14-க்குக் கீழ் குற்ற வழக்கே இல்லை. 18 முதல் 20 வரை உள்ளவர் மனமுதிர்ச்சியில் சிறாரைப்போல இருந்தால் அவருக்கும் இளையோர் சட்டமே பொருந்தும். 14 முதல் 17 வயதினருக்கு எவ்வளவு கொடிய குற்றமானாலும் பத்தாண்டுதான் உச்சம். இளையோர் நல அலுவலர் அறிக்கை எழுதுவதோடு நிற்காமல் நீதிமன்றத்தில் எழுந்து பேசுவார். ஜப்பானில் எல்லாச் சிறார் வழக்குகளும் முதலில் குடும்ப நீதிமன்றத்துக்கே போகும். உளவியல், சமூகவியல் பயிற்சி பெற்ற விசாரணை அலுவலர்கள் அங்கே நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள், பையனை மதிப்பீட்டு இல்லத்தில் நான்கு வாரம் வரை, தேவைப்பட்டால் எட்டு வாரம் வரை வைத்துப் பார்க்கிறார்கள். அரை மணி நேர நேர்காணலையும் எட்டு வாரக் கவனிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கும் 1997-இல் 14 வயதுச் சிறுவன் செய்த கோபே கொலைகளுக்குப் பிறகு, குற்ற விசாரணைக்கு அனுப்பும் வயதை 16-லிருந்து 14-ஆகக் குறைத்தார்கள்.

ஒரு கொடூரம், அதன் பிறகு சட்டம் இறுகுவது என்பது எங்கும் நடக்கிறது. 2012 டிசம்பர் டெல்லி வழக்கில் 17 வயதுக்காரன் மூன்றாண்டு முடிந்து வெளியே வந்த அதே மாதம், 2015 டிசம்பரில், மாநிலங்களவை இன்றைய சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டத்தை 1920-இல் கொண்டுவந்தது சென்னை மாகாணம். ஆனால் குற்றப் பொறுப்பு தொடங்கும் வயது இன்றும் நமக்கு ஏழுதான்; அது குறைந்தது 14 ஆக இருக்கட்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2019-இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

கொடுவாளைக் கையில் கொடுத்தவர்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரையும் தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. 2012-இல் சாதி வன்முறையில் நத்தம் காலனி எரிந்த தருமபுரி மாவட்டத்துக்கு அது தூரத்து ஊர்ச் செய்தி அல்ல. பள்ளிப் பையன் தானாகச் சாதிக் கயிறு திரிப்பதில்லை. கட்டிவிடும் பெரியவர் ஒருவர் பின்னால் இருக்கிறார்.

சுவீடனில் குற்றப் பொறுப்பு 15-இல் தொடங்குவதைக் கணக்குப் போட்டு, துப்பாக்கிச் சூட்டுக்கு அதற்குக் கீழ் வயதுப் பிள்ளைகளைக் கும்பல்கள் ஏவுகின்றன. வயதைக் குறைக்கலாமா என்று அங்கே வாதம் எழுந்தது. கஞ்சா கடத்தலுக்கும் அடிதடிக்கும் ‘மைனர்’ தேடும் ஆட்கள் நம் பக்கமும் உண்டு. நம் சட்டத்தின் 83-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது: குழந்தையைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்ச ரூபாய் அபராதமும். சிறாரும் பெரியவரும் சேர்ந்து செய்த குற்றத்தை ஒன்றாக விசாரிக்க முடியாது; பெரியவர் வழக்கு தனியே வேறு நீதிமன்றத்தில் ஓடும். எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலோ பெங்களூருவிலோ பையன் பிடிபட்டால் விசாரணை முடிந்து இறுதி உத்தரவு வரும்வரை கர்நாடகக் குழுமமே நடத்தும், அதற்குப் பிறகுதான் சொந்த மாவட்டத்துக்கு மாற்ற முடியும். ஆகவே ஆயுதம் யார் வாங்கித் தந்தது, வண்டி யாருடையது, அழைப்பு யாரிடமிருந்து வந்தது என்பவை முதல் நாள் காவல்துறை எழுதும் சமூகப் பின்னணி அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும். குடும்பமும் இலவச வழக்கறிஞரும் அதை எழுத்தில் கொடுத்துப் பதியச் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் பெரியவரின் பெயர் வராவிட்டால், பிறகு இரண்டு கோப்புகளும் இரண்டு ஊர்களில் கிடக்க, 83-ஆவது பிரிவைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதற்கு ஆதாரம் எதுவும் மிஞ்சாது.